டாக்டர் இல்லாத அறை

1

சென்ற வாரம் என் மகள் தாரிணி தாடிக்காவில் ஐந்து நிமிடம் சுவரைப் பார்த்து நின்றாள். தாடிக்கா என்றால் இங்கே மலேசியாவில் பாலர் பள்ளி. பக்கத்து நாற்காலிக்காரியைப் பென்சில் பெட்டியால் அடித்ததுதான் குற்றம். அங்கே பிள்ளைகளை அடிப்பதில்லை. ஒரு வயதுக்கு ஒரு நிமிடம் என்று கணக்கு வைத்து மூலையில் நிற்க வைக்கிறார்கள். நின்று முடித்ததும் டீச்சர் "எதுக்கு நின்ன?" என்று கேட்பார். பிள்ளை பதில் சொல்லிவிட்டு, அடி வாங்கியவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதோடு விஷயம் முடிந்தது. எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. நான் படித்த பள்ளியில் எந்த விஷயமும் முடிந்ததே இல்லை.

தாரிணியின் கவலை வேறு.

"அம்மா, நெக்ஸ்ட் வீக் எனக்கு சிக்ஸ். அப்ப சிக்ஸ் மினிட்ஸ் நிக்கணுமா?"

"அடிக்காம இருந்தா நிக்கவே வேண்டாம்."

"இல்ல லா, சப்போஸ்."

லா என்பதற்குத் தனியாகப் பொருள் இல்லை, இங்கே எந்தப் பேச்சிலும் ஒட்டிக்கொள்ளும். நேற்று அவளுக்கு ஆறு முடிந்தது. பிறந்தநாள் பிள்ளைகள் தாங்கள் பிறந்த அன்று எடுத்த படம் ஒன்றைக் கொண்டுவந்து வகுப்பில் காட்ட வேண்டும் என்று அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு படம். அதில் என் முகம் இல்லை, முழங்கை இருக்கிறது. கையுறை போட்ட இரண்டு கைகள் இருக்கின்றன. ஈரத் தலையோடு தாரிணி இருக்கிறாள். ஓரத்தில், என் கையைப் பிடித்தபடி, நரம்பு எழும்பிய இன்னொரு கை இருக்கிறது. அப்பாவும் இருக்கிற படமாகக் கிடைக்குமா என்று டீச்சர் மரியாதையாகச் சீட்டு எழுதி அனுப்பினார். கிடைக்காது. அந்த நேரத்தில் அப்பா கீழ்த்தளத்தில் சக்கர நாற்காலியில் இருந்தார்.

இதையெல்லாம் சீட்டில் எழுத இடம் போதாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

2

நானும் என் கணவன் பாலுவும் கோலாலம்பூருக்கு வந்து அப்போது மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. முதலில் வேலை கிடைத்தது எனக்குத்தான். மென்பொருளில் பிழை தேடிக் கண்டுபிடிப்பது என் தொழில். பாலு என் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்து, பிறகு ஷா ஆலத்தில் ஒரு தொழிற்சாலையில் சொந்தமாக வேலை தேடிக்கொண்டான். ஊரில் இதை இப்படிச் சொல்வதில்லை. அவன்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தான் என்று அங்கே எல்லோரும் நம்புகிறார்கள். நாங்களும் திருத்தவில்லை.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். ஆனால் என் அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அம்மாவால் அவரை விட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர முடியாது. நான் போனால் அம்மாவுக்கு இரண்டு நோயாளிகள். அதனால் இங்கேயே பெற்றுக்கொள்வது என்று முடிவானது.

முதலில் பார்த்த டாக்டர் கெட்டிக்காரர் என்று எல்லோரும் சொன்னார்கள். சரியாகத்தான் இருக்கும். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் அவருடைய காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையில் பதினோரு கேள்விகள் கொண்ட பட்டியல் இருந்தது. இரண்டாவது கேள்விக்கு அவர் எழுந்துவிட்டார். மொத்தம் நான்கு நிமிடம். மூன்று முறை போனேன், மூன்று முறையும் நான்கு நிமிடம். ஒழுங்கு என்றால் அதுதான் ஒழுங்கு.

எங்கள் அலுவலகத்தில், இதே ஊரின் செந்தூல் பகுதிக்காரி ஒருத்தி இருந்தாள். அவள்தான் சொன்னாள்.

"உங்களுக்கு பிரஷர் இல்ல, சுகர் இல்ல, எல்லாம் ஓகேதான? அப்ப மிட்வைஃப்கிட்ட போங்க. ஷா ஆலம் பக்கம் ஒரு ஹாஸ்பிட்டல்ல புதுசா ஸ்டார்ட் பண்ணிருக்காங்க. செக்கப்லேர்ந்து டெலிவரி வரைக்கும் அவங்களே பாப்பாங்க. ப்ராப்ளம் வந்தா மட்டும் டாக்டர். ஹாஸ்பிட்டல்தான, வீட்டுல இல்ல லா."

மருத்துவச்சி என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது கறுப்பு வெள்ளைப் படங்களில் வெந்நீர் கேட்கும் அம்மாள்தான். போய்ப் பார்த்தால், பக்கத்துக் கிள்ளானில் பிறந்து வளர்ந்த லோகேஸ்வரி நீலச் சீருடையில் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவள். எல்லோருக்கும் லோகா. என் பதினோரு கேள்விகளுக்கும் பதில் சொன்னாள். தெரியாத ஒன்றுக்குத் தெரியாது என்று சொல்லி, அடுத்த முறை கேட்டுவந்து சொன்னாள். எல்லாம் முடிந்தபின் அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"பயமா இருக்கா?"

அது என் பட்டியலில் இல்லை. இருக்கிறது என்று சொன்னேன். எதுக்கு பயம் என்று கேட்டாள். கத்தி அசிங்கப்படுவேனோ என்று பயம் என்றேன். அதுவரை அது எனக்கே தெரியாது. அவள் சிரிக்கவில்லை. அதையும் குறித்துக்கொண்டாள்.

படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று டாக்டர், ஒன்று மருத்துவச்சி. ரத்த அழுத்தம் ஏறினாலோ, குழந்தை தலைகீழாகத் திரும்பாவிட்டாலோ, வேறு எது கோணினாலோ, நான் தானாக டாக்டர் கட்டத்துக்குப் போய்விடுவேன் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. இரண்டாவது கட்டத்தில் குறி போட்டுக் கையெழுத்திட்டேன். அதற்குக் கீழே, பிரசவ அறையில் உடனிருப்பவர் ஒருவர் மட்டும், பெயர் எழுதவும் என்றிருந்தது. பாலு பெயரை எழுதினோம். அன்றே எனக்கு ரத்தம் எடுத்தார்கள். ஊசி என் கையில் ஏறியது, மயங்கி விழுந்தது பாலு. லோகா அவனுக்குக் குடிக்கச் சூடாக மைலோ வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்தப் பெயரை அடித்து வேறு பெயர் எழுதச் சொன்னாள்.

என் மாமியார் பெயரை எழுதினேன்.

3

என் மாமியார் சரோஜா. தென் தமிழ்நாட்டில் ஒரு தாலுகா ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம், காரணம் போகப்போகத் தெரியும். அந்த ஊர் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் முப்பத்தோரு வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். சரோஜா சிஸ்டர் என்றால் பேருந்து நடத்துநருக்கும் தெரியும். கடைத்தெருவில் அவரோடு நடக்க முடியாது. மீசை வைத்த ஆள்களை இழுத்துவந்து நிறுத்தி, "சிஸ்டர், இவன் உங்க கையில பெறந்தவன்" என்பார்கள். அத்தை மேலும் கீழும் பார்த்து, "நல்லா இருக்கானா" என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

"டாக்டர் வந்து கையெழுத்துப் போடுவாரு, பாக்கறதெல்லாம் நாங்கதான்" என்று அவர் பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதனால் நான் எடுத்த முடிவைக் கேட்டால் பூரித்துப்போவார் என்று எதிர்பார்த்தேன். விமான நிலையத்திலிருந்து வரும்போது காரில் சொன்னேன்.  வீட்டுக் கதவைத் திறக்கும்போது கேட்டார்.

"டாக்டர் எப்ப வருவாரு?"

"தேவைப்பட்டா வருவார் அத்தை."

"தேவைப்படலன்னா?"

"வர மாட்டார்."

"வரச் சொல்லு" என்றார்.

அத்தைக்கு முப்பது நாள் விசா. குழந்தை அந்த முப்பது நாளுக்குள் பிறந்தாக வேண்டும். குடிநுழைவு அதிகாரிக்கு இது பற்றி ஒன்றும் தெரியாது, குழந்தைக்கும் தெரியாது. முதல் வாரம் அத்தை இந்த வழியில் வந்தார். டாக்டர் என்றால் தேதி குறித்துக் கொடுப்பார், நல்ல நாளாகவும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான் அசையவில்லை. இரண்டாவது வாரம், இங்கே டாக்டர் எங்கே இருப்பார் என்று கேட்டார். பிரசவ அறைக்கு இரண்டு மாடி மேலே என்றேன். அடுத்த பரிசோதனைக்குப் போனபோது ஆளைக் காணோம். தேடினால், படிக்கட்டில் கையில் கடிகாரத்தோடு இறங்கி வந்துகொண்டிருந்தார். ஒன்றரை நிமிடம் ஆகிறதாம். லிஃப்ட் என்றால் நம்ப முடியாதாம்.

லோகா அவரைப் பார்த்ததும், "ஆன்டி, பசியாறிட்டீங்களா?" என்று கேட்டாள். காலை உணவு ஆயிற்றா என்பதை இங்கே தமிழர்கள் அப்படித்தான் கேட்பார்கள். அத்தை ஒரு நொடி தடுமாறினார். டிபன் சாப்பிட்டாயா என்று கேட்கப்பட்டே அறுபத்தோரு வருடம் வாழ்ந்தவர். ஆனால் சமாளித்துக்கொண்டு உடனே பரீட்சையை ஆரம்பித்துவிட்டார். ரத்தப்போக்கு நிற்கவில்லை என்றால் என்ன செய்வாய், தோள் சிக்கினால் என்ன செய்வாய், கொடி சுற்றியிருந்தால், குழந்தை அழவில்லை என்றால். லோகா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். அத்தை தலையசைத்துக்கொண்டே வந்தார். நான் நிம்மதியானேன்.

கீழே இறங்கி காருக்குப் போகும்போது சொன்னார். "எல்லாஞ் சரியாத்தான் சொல்றா. கெட்டிக்காரிதான். ஆனா டாக்டர் ரூமுக்குள்ள இருக்கணும்."

"எதுக்கு அத்தை? அவர் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா நின்னாப் போதும்."

சும்மா நிற்பதற்கு ஒரு டாக்டர். இது கௌரவப் பிரச்சினை என்றுதான் நான் புரிந்துகொண்டேன். மகன் வெளிநாட்டில் இருக்கிறான், மருமகளுக்கு நர்ஸ் பிரசவம் பார்த்தாள் என்று ஊரில் எப்படிச் சொல்வது என்று கவலைப்படுகிறார் என நினைத்தேன். எனக்குக் கோபம் வந்தது. ஒன்பதாவது மாதத்தில் கோபம் சுலபமாக வரும்.

"முப்பத்தோரு வருஷம் டாக்டர் இல்லாம நீங்க பாக்கலையா?"

"பாத்தேன். அதனாலதான் சொல்றேன்" என்றார்.

அதை நான் வாயடைக்கும் பேச்சாக எடுத்துக்கொண்டேன். அதற்குப்பின் நாலைந்து நாள் சாப்பாடு பற்றி மட்டும் பேசிக்கொண்டோம். அத்தை பாலுவிடம் படிவத்தை மாற்றச் சொன்னார், சரி என்றான். நான் மாற்றக்கூடாது என்றேன், அதற்கும் சரி என்றான். இரண்டு பேரையும் சமாதானப்படுத்திவிட்ட திருப்தியில் அவன் நன்றாகத் தூங்கினான்.

4

அத்தை வந்த இருபத்தைந்தாம் நாள் காலையில் வலி வந்தது. பத்து மணிக்கு மருத்துவமனை வாசலில் இருந்தோம். நெடுஞ்சாலை நெரிசலில் பாலு பதற்றமில்லாமல் ஓட்டினான், அதைச் சொல்ல வேண்டும். உள்ளே போய் என் புறங்கையில் ஊசி குத்தினார்கள். அவன் பார்த்துவிட்டான். அதன்பின் சக்கர நாற்காலி எனக்குத் தேவைப்படவில்லை, அவனுக்குக் கொடுத்தோம்.

பிரசவ அறையில் லோகா என்னைப் படுக்க வைக்கவில்லை. நடக்கச் சொன்னாள், பெரிய ரப்பர் பந்தின்மேல் உட்காரச் சொன்னாள், இடுப்பில் வெந்நீர்ப் பை வைத்தாள். அவ்வப்போது சின்னக் கருவியை வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டாள். அத்தை சுவரோரமாக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. என்னைப் பார்க்கவில்லை. காலையிலிருந்து லோகாவின் கைகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் பொருள் திருடுகிற பிள்ளையைக் கவனிக்கிற மாதிரி இருந்தது. எனக்கு வலி வராத நேரங்களில் அவமானமாகக்கூட இருந்தது.

"படுக்கப் போடலையா?" என்று ஒருமுறை கேட்டார்.

"நடக்கட்டும் ஆன்டி. நல்லாத்தான் போகுது."

இங்கே பிற்பகலானால் மழை. மூன்று மணிக்கு இடியோடு பிடித்துக்கொண்டது. அந்த நேரத்தில்தான் எனக்கும் வலி உச்சத்துக்கு வந்தது. நான் பயந்ததெல்லாம் நடந்தது. கத்தினேன். முதலில் அம்மா என்று கத்தினேன், பிறகு பாலுவின் பரம்பரையைத் திட்டினேன், அதன் ஒரு பகுதி பக்கத்தில்தான் நிற்கிறது என்பது ஞாபகம் இல்லை. பிறகு வார்த்தையில்லாமல் கத்தினேன்.

அப்போது என் தொடையில் ஓர் அறை விழுந்தது.

"கத்தாத. வாய மூடிட்டு முக்கு."

சத்தம் பெரிதில்லை. கோபத்தில் விழுந்த அடியும் இல்லை. கோபமென்றால் எனக்குப் புரிந்திருக்கும், நான் திட்டியது அவருடைய குடும்பத்தைத்தான். வீட்டைப் பூட்டியதும் கை தானாகப் பூட்டை இழுத்துப் பார்க்குமே, அப்படி விழுந்தது அந்த அடி. எந்த இடத்தில், எவ்வளவு பலத்தில் என்பதெல்லாம் அந்தக் கைக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. குரலும் நான் நான்கு வருடமாகக் கேட்டுவந்த அத்தையின் குரல் இல்லை.

நான் கத்துவதை நிறுத்திவிட்டேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம். உடனே, ஒரே அடியில், நான் நிறுத்திவிட்டேன்.

லோகா திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"ஆன்டி, இங்க அடிக்கறது இல்ல."

செருப்பை வெளியே விட வேண்டும் என்று வந்தவர்களிடம் சொல்கிற குரலில் அதைச் சொன்னாள். பிறகு என் முகத்துக்கு நேரே குனிந்தாள். "வித்யா, நீங்க கத்துங்க. ஒண்ணும் அசிங்கம் இல்ல. வெளிய மழை, ஒருத்தருக்கும் கேக்காது."

மழை இல்லாவிட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன். நான் கத்தினேன்.

அத்தை தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதைப் பின்னால் கட்டவும் இல்லை, கீழே தொங்கவிடவும் இல்லை. வேறு யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் போல முன்னால் நீட்டி வைத்திருந்தார். இனி அவரை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், ஓரடி கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"ஆன்டி, எங்க போறீங்க? உங்க கை எனக்கு வேணும். இந்தப் பக்கம் வந்து வித்யா கைய பிடிச்சுக்குங்க."

அத்தை வந்து பிடித்தார். பிடித்தது என் கையை அல்ல, மணிக்கட்டை. மூன்று விரல்களை நாடியில் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "தொண்ணூத்தாறு" என்றார். யாரும் கேட்கவில்லை. அடுத்த வலி வந்து போனதும் "நூத்தி நாலு" என்றார். லோகா "தேங்க்யூ ஆன்டி" என்றாள். அதற்கடுத்த வலியில் எண் எதுவும் வரவில்லை. மணிக்கட்டிலிருந்த விரல்கள் கீழே இறங்கி என் உள்ளங்கைக்குள் வந்திருந்தன. நான் நசுக்கிய நசுக்கில் அவர் மோதிரம் என் விரலில் பதிந்து இரண்டு நாள் தடம் இருந்தது. முப்பத்தோரு வருடத்தில் அவர் பிரசவத்தில் ஒருத்தியின் கையைப் பிடித்து நின்றது அதுதான் முதல் தடவை. இது பிறகு அவரே சொன்னது.

மூன்றே முக்காலுக்கு தாரிணி பிறந்தாள். உடனிருந்த இன்னொரு நர்ஸ் என் கைப்பேசியில் அந்த ஒரு படத்தை எடுத்தாள். டாக்டர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அத்தை கேட்கவும் இல்லை.

5

மறுநாள் காலை வார்டில் நானும் அத்தையும் தாரிணியும் மட்டும் இருந்தோம். பாலு குழந்தையைப் பார்த்து அழுது முடித்து, சாப்பிடப் போயிருந்தான். அத்தை குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததை உதறி மறுபடி மடித்தார். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தா எங்க குரலே மாறிரும் வித்யா. வாம்மா, போம்மான்னுதான் பேசுவோம். கைய பின்னாடி கட்டிக்குவோம். அவரு கதவத் தாண்டுனதும் பழையபடி."

ஒரு துணியை அடுக்கில் வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார்.

"ரெண்டு சிஸ்டர், பதினேழு பதினெட்டு பேர் படுத்திருப்பாளுக. ஒருத்தி கத்துனா எல்லாம் கத்தும். அடிச்சாத்தான் முக்குவாங்கன்னு எனக்கு வேலை சொல்லிக் குடுத்த சிஸ்டர் சொன்னாங்க. அவங்களும் அடிச்சாங்க, நானும் அடிச்சேன். ரெண்டு உசிரும் நல்லபடியாப் பொழச்சா நம்ம வேலை சரின்னு நெனச்சுக்கிட்டோம். எல்லாரையும் அடிக்கல. கேக்க நாதியில்லாதவளா, பயந்தவளா பாத்து..."

துணியை மறுபடி உதறினார்.

"நீ வந்து, டாக்டர் இல்லாத ரூம்ல படுத்துக்கிறேங்கற. என் வீட்டுப் பிள்ளையக் கொண்டுபோயி என்னை மாதிரி ஒருத்திகிட்ட விடுறதான்னு இருந்துச்சு. அந்தப் பொண்ணு அடிச்சிருவாளோன்னு காலைலேருந்து அவ கையவே பாத்துக்கிட்டு நின்னேன். கடைசில யாரு அடிச்சா பாத்தியா."

நான் அழுதேன். எனக்காகவா, அந்த வார்டில் படுத்திருந்தவர்களுக்காகவா, எதிரே துணி மடித்துக்கொண்டிருந்தவருக்காகவா என்று பிரித்துப் பார்க்கும் தெம்பு இல்லை. பரவாயில்லை அத்தை என்று மட்டும் நான் சொல்லவில்லை. என்மேல் விழுந்த ஓர் அடிக்கு வேண்டுமானால் சொல்லலாம். மற்ற அடிகளுக்குப் பரவாயில்லை சொல்ல நான் யார்? அத்தையும் அதை எதிர்பார்க்கவில்லை. தூக்குச்சட்டியில் கஞ்சி இருக்கிறது, சூடாக இருக்கும்போதே குடி என்றார். குடித்தேன்.

வீட்டுக்குக் கிளம்பும்போது என் பிரசவக் குறிப்பைக் கொடுத்தார்கள். பிழை தேடுவது தொழில் என்பதால் வரி வரியாகப் படித்தேன். உடனிருந்தவர்: மாமியார். ஒத்துழைப்பு: நன்று. இவ்வளவுதான் லோகா எழுதியிருந்தாள். ஒரு நொடியை விட்டுவிட்டால் அது உண்மைதான். அத்தை அவளிடம் விடைபெறும்போது ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறார் என்று நின்றேன். "தொப்புள்கொடிய நறுக்குறதுக்கு முன்னாடி நல்லா பொறுத்திருந்த. நாங்க பொறுக்க மாட்டோம்" என்றார். லோகா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

அதன்பின் பிறப்புப் பதிவு. வரிசை எண் வாங்கி அரை நாள் உட்கார்ந்தோம். இந்த நாட்டு வழக்கப்படி தாரிணியின் பெயருக்கும் பாலுவின் பெயருக்கும் நடுவில் இன்னாரின் மகள் என்பதற்கு மலாயில் இரண்டு எழுத்தும் ஒரு கோடும் போட்டுக் கொடுத்தார்கள். பிறகு இந்தியத் தூதரகத்தில் அந்த இரண்டு எழுத்தும் கோடும் என்ன என்று விளக்கம் கேட்டார்கள். விளக்கினோம். பிறந்து மூன்று வாரமான குடிமகள் விரல் ரேகைக்குக் கையை விரிக்க மறுத்தது தனிக் கதை. அத்தை அதற்கு இல்லை. இருபத்தொன்பதாம் நாள் விமானம் ஏறிவிட்டார், விசாவில் ஒரு நாள் மிச்சம் வைத்து.

6

தாரிணி இப்போது பேசுவது தமிழ், மலாய், ஆங்கிலம், கொஞ்சம் சீனம். நான்கையும் ஒரே வாக்கியத்தில் பேசுவாள். அத்தைக்கு அவள் சொல்வதில் பாதி புரியாது. மீதியை ஊகித்துக்கொள்வார். ஒவ்வொரு ஞாயிறும் இருவரும் இப்படி ஒரு மணி நேரம் பேசிவிடுகிறார்கள்.

அத்தையிடம் ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. தாரிணிக்கு ஒரு வயதானபோது ஊருக்குப் போயிருந்தோம். கடைத்தெருவில் வழக்கம்போல் ஒரு பெண் வந்து, கல்லூரிக்குப் போகும் மகளைக் காட்டி, "சிஸ்டர், இவ உங்க கையில பெறந்தவ" என்றாள். அத்தை மகளைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"அன்னைக்கு உன்னை அடிச்சேனாம்மா?"

என் கையிலிருந்த தக்காளிப் பை நழுவியது. அந்தப் பெண் சிரித்தாள். "எதுக்கு சிஸ்டர் இப்ப அது? என் நல்லதுக்குத்தான அடிச்சீங்க." எல்லோரும் இதையேதான் சொல்கிறார்களாம். அத்தை எல்லோரிடமும் கேட்கிறார். பேருந்தில், ரேஷன் கடையில், கல்யாண வீட்டுப் பந்தியில். சரோஜா சிஸ்டருக்கு மூளை கலங்கிவிட்டது என்று ஊரில் பேச்சு. பாலு வருத்தப்பட்டுப் போனில் கேட்டபோது, "கலங்கல, இப்பதான் தெளிஞ்சிருக்கு" என்றார்.

நேற்று மாலை கேக் வெட்டுவதற்கு முன் அத்தையைக் காணொளியில் அழைத்தோம். முகம் வாடியிருந்தது. என்ன அத்தை என்றேன்.

"பஸ் ஸ்டாண்டுல ஒருத்தி. அவளா வந்து பேசல, நான்தான் அடையாளம் கண்டுபிடிச்சேன். உன்னை அடிச்சேனாம்மான்னு கேட்டேன். ஆமா சிஸ்டர், ரெண்டு அடின்னா. அதோட ஒரு வார்த்தையும் சொன்னீங்க, அத எம் புருசன்கிட்டகூட நான் சொன்னதில்லன்னா. என்ன வார்த்தைன்னு கேட்டேன், சொல்ல மாட்டேன்னுட்டா. எனக்கு ஞாபகமே இல்ல வித்யா. மன்னிச்சுக்கம்மான்னேன். பஸ் வந்துருச்சு. ஏறிட்டா."

 பாலு மெழுகுவத்தியை நேராக்குவதில் மும்முரமானான். தாரிணி என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கிக்கொண்டாள்.

"அப்பத்தா, யூ அடிச்சீங்களா?"

"ஆமா கண்ணு."

"பென்சில் பாக்ஸ்லயா?"

"இல்ல. கையால."

"அடிச்சா கார்னர்ல நிக்கணும். எங்க தாடிக்காவுல அப்படித்தான். எத்தன வயசோ அத்தன மினிட்ஸ். எனக்கு சிக்ஸ். உங்களுக்கு?"

"அறுபத்தேழு."

அந்த எண் தாரிணிக்குப் பெரிதாகப் பட்டிருக்க வேண்டும், கண்ணை அகல விரித்தாள். 

"அறுபத்தேழு நிமிஷம் போதாதே கண்ணு" என்றார்.

தாரிணி யோசித்தாள்.

"அப்ப டுமாரோவும் நில்லுங்க லா, அப்பத்தா."

"சரி" என்றார் அத்தை.